விறகு அடுப்பில் நீச்சல் குளத்தைச் சூடாக்க எத்தனை மீட்டர் காயில் வேண்டும்?

ஈரத்துண்டு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். கிட்டத்தட்ட 38,000 லிட்டர். குளிர் மாதங்களில் தண்ணீர் 21 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் காலை நனைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். 27 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும். விறகுக்குக் குறைவில்லை, விழுந்த மரம் ஒன்றை அறுத்து இரண்டு வருடமாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

திட்டம் இதுதான். 200 லிட்டர் இரும்பு ட்ரம். அதற்குள் 15 மீட்டர் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து நடுவில் தீ மூட்டுவது. ஃபில்டர் பம்பிலிருந்தே தண்ணீரை இந்தச் சுருள் குழாய்க்குள், அதாவது காயிலுக்குள் விட்டு மறுபடி குளத்துக்கு அனுப்புவது. காயிலின் இரண்டு பக்கமும் வால்வ் வைத்துவிட்டால் வேண்டாதபோது மூடிவிடலாம். பம்ப் அறையில் இடம் இருக்கிறது, மழைக்கும் பயமில்லை.

சனிக்கிழமை காலையில் பற்றவைத்தால் மதியத்துக்குள் குளிக்கலாமா? 15 மீட்டர் போதுமா, 30 வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

மதியத்துக்குள் குளிக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. உங்கள் குளத்துக்கு டிகிரிக்கு 38,000 கிலோ கலோரி, அதாவது 44 கிலோவாட் மணி. ஆறு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 265 கிலோவாட் மணி. குளம் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும், ஆனால் சூட்டைத் தின்பதில் அதற்கு இணை கிடையாது.

நன்றாகக் காய்ந்த விறகு, அதாவது ஈரம் 20 சதவீதத்துக்குள் இருப்பது, கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி தரும். எந்த மரம் என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கனமான மரம் கொஞ்ச இடத்தில் அதிகம் அடங்கும், அவ்வளவே. வீட்டில் செய்த அடுப்பில் பாதி சூடு தண்ணீருக்குப் போனாலே நல்ல வேலை என்பேன். அப்படியானால் 130 கிலோ விறகு.

இனி காயில். 22 மி.மீ. குழாய் 15 மீட்டர் என்றால் வெளிப்பரப்பு ஒரு சதுர மீட்டர். புகையிலிருந்து உலோகத்துக்குச் சூடு இறங்குவது மந்தமான வேலை. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 25 முதல் 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை தண்ணீரைவிட 500 டிகிரி அதிகச் சூடு என்றால் 12 முதல் 15 கிலோவாட் கிடைக்கும். 265-ஐ 15-ஆல் வகுத்தால் 17 மணி நேரத்துக்கு மேல். வழியில் காற்றில் போகும் சூட்டை இதில் சேர்க்கவே இல்லை.

30 மீட்டர் போட்டால் இரட்டிப்பு வராது. முதல் 15 மீட்டரைத் தாண்டும்போதே புகை ஆறிப்போயிருக்கும். 20 முதல் 25 மீட்டர் வரை பயன் உண்டு, அதற்கு மேல் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

கொல்லுப்பட்டறை

தம்பி, கணக்கு அவர் சொல்லிவிட்டார், கைவேலையை நான் சொல்கிறேன்.

முதலில் ட்ரம். அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியுமா? எண்ணெயோ தின்னரோ இருந்த ட்ரம்மை மூடி இறுக்கமாக இருக்கும்போது கிரைண்டர் வைத்து அறுத்தால் வெடிகுண்டுதான். கழுவினோம், வாடை இல்லை என்ற பேச்செல்லாம் செல்லாது. எல்லா மூடியையும் திறந்து, வெட்டுகிற கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டு வெட்டு. அடுத்து, நாகப் பூச்சு உள்ள தகடாக இருந்தால் தீ வைக்கவே வேண்டாம். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர் ஜுரம் அடிக்கும். வெல்டிங் பிடித்தவர்களைக் கேட்டுப் பார். சாதாரண ட்ரம் என்றால் பெயின்ட் போகும்வரை திறந்தவெளியில் ஒருமுறை வெறும் தீ போட்டு எரித்துவிடு. அந்தப் புகைக்கு எதிர்ப்பக்கமாக நில்.

குழாய் வளைப்பது. காயிலாகவே வரும் மென்மையான செம்பு வாங்கினால் பாதி வேலை மிச்சம். நேர்க் குழாய்தான் இருக்கிறது என்றால் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் இளகிவிடும். உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, தட்டித்தட்டி இறுக்கி, இரண்டு முனையையும் அடைத்துவிட்டு ஒரு உருளைமேல் சுற்று. மணல் ஈரமாக இருந்து நீ மறுபடி காய்ச்சினால் அடைத்த முனை துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். என் பட்டறைச் சுவரில் அதற்கு இன்னும் அடையாளம் இருக்கிறது.

சுற்றுக்குச் சுற்று ஒரு விரல் இடைவெளி விடு. ஒட்ட ஒட்டச் சுற்றினால் புகை ஒரு பக்கம்தான் தொடும், மறுபக்கம் சும்மா இருக்கும்.

ஈரத்துண்டு

ட்ரம்மில் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை சொன்னீர்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை சார், ஒரு யோசனை. பம்ப் வேகத்தைக் குறைத்துத் தண்ணீரைக் காயிலில் நிதானமாக ஓடவிட்டால் இன்னும் நன்றாகச் சூடேறி வராதா? குளத்துக்குள் கொதிக்கக் கொதிக்க விழுந்தால் சீக்கிரம் சூடாகும் அல்லவா?

கணக்குப்பிள்ளை

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வெளியே வரும் தண்ணீர் எவ்வளவு சூடு என்பதில் ஒன்றுமே இல்லை. நிமிடத்துக்கு 5 லிட்டர் கொதிக்க வருவதும் 50 லிட்டர் வெதுவெதுப்பாக வருவதும் கைக்கு வேறு வேறாகத் தெரியும், குளத்துக்கு அப்படித் தெரியாது. குளத்துக்கு மொத்தச் சூடுதான் கணக்கு. சொல்லப்போனால் மெதுவாக ஓடவிட்டால் காயில் சூடாக இருக்கும், புகைக்கும் காயிலுக்கும் வித்தியாசம் குறையும், வாங்கும் சூடும் குறையும். உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வருவது 5 டிகிரி அதிகமாக இருந்தால் சரியான ஓட்டம். உங்கள் 15 கிலோவாட்டுக்கு அது நிமிடத்துக்கு 43 லிட்டர். குளத்துத் துளையில் கை வைத்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அதுதான் வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். 20 மி.மீ. உள்விட்டக் குழாயில் நிமிடத்துக்கு 43 லிட்டர் என்றால் வேகம் நொடிக்கு 2.3 மீட்டர். சூடான செம்புக்கு அது அதிகம், உள்சுவரை அரித்துவிடும். பம்புக்கும் மூச்சு முட்டும். ஆகவே ஒரே 22 மீட்டர் காயிலுக்குப் பதில் 11 மீட்டரில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் அச்சு அசல் ஒரே நீளமாக இருக்கட்டும். ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் தண்ணீர் குட்டையில் ஓடிவிடும், நீளமானது தீயில் தனியாகக் கிடந்து கொதிக்கும்.

ஃபில்டர் தண்ணீர் முழுவதையும் காயிலுக்குள் திணிக்காதீர்கள். மெயின் லைனில் டீ (T வடிவ இணைப்பு) போட்டுக் கொஞ்சத்தை மட்டும் திருப்புங்கள்.

வெந்துபோனவன்

இந்த இழையில் இரண்டு விஷயம் படித்ததும் எனக்கு வலது கால் அரித்தது. "இரண்டு பக்கமும் வால்வ்", "பம்ப் அறையில்".

என் கதையைக் கேளுங்கள். நான்கு வருடத்துக்கு முன் உங்களைப் போலவே ட்ரம், உங்களைப் போலவே காயில். மூன்றாவது தடவை மூட்டியபோது நல்ல தீ, மாலை ஏழு மணி, மின்சாரம் போனது. பம்ப் நின்றது. நான் அடுப்புப் பக்கத்தில்தான் இருந்தேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல டொக், டொக். அடுப்பிலிருந்து வெளியே வரும் இடத்தில் பிவிசி யூனியன் போட்டிருந்தேன், அது மெழுகு மாதிரித் தொய்ந்து தொங்க ஆரம்பித்தது. பிவிசி 60 டிகிரிக்கு மேல் தாங்காது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் ஏறியது. விறகை வெளியே இழுக்கலாம் என்று இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்துவிட்டது.

பம்ப் தானாக ஓட ஆரம்பித்தது. வறண்டு சிவந்திருந்த காயிலுக்குள் குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். யூனியன் கழன்று பறந்தது, நீராவி நேராக முழங்காலுக்குக் கீழே. ஆறு வாரம் கட்டு.

அன்றைக்கு என் லைனில் வால்வ் எதுவும் மூடியிருக்கவில்லை. ஒரு முனை குளத்துக்குத் திறந்தே இருந்தது. அதனால்தான் கால் மட்டும் போனது. நீங்கள் சொல்வது போல இரண்டு பக்கமும் வால்வ் வைத்து, யாரோ மூடியது தெரியாமல் இன்னொருவர் தீ மூட்டினால் அது ட்ரம் இல்லை, குண்டு. பிள்ளைகள் இருக்கும் வீடு வேறு.

காயிலிலிருந்து குளத்துக்குப் போகும் பக்கம் எந்தக் காலத்திலும் மூட முடியாததாக இருக்கட்டும். அங்கே வால்வே வேண்டாம். கூடவே அழுத்தம் ஏறினால் தானாகத் திறக்கும் ஒரு ரிலீஃப் வால்வ், அதன் வாய் தரையைப் பார்த்து. அடுப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் உலோகக் குழாய்தான், அதன் பிறகு பிவிசியைவிடச் சூடு தாங்கும் சிபிவிசி. மின்சாரம் வந்ததும் பம்ப் தானாக ஓடக் கூடாது, கையால் போட்டால்தான் ஓட வேண்டும். காயில் வறண்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் தண்ணீர் விடவே விடாதீர்கள். காற்று வழியை மூடுங்கள், முடிந்தால் விறகை இழுங்கள், தள்ளி நின்று ஆறவிடுங்கள்.

பம்ப் அறை விஷயம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள்.

குளத்துக்காரர்

நான் சொல்கிறேன். குளங்களைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு.

பம்ப் அறையில் என்னென்ன வைத்திருப்பீர்கள்? குளோரின் பவுடர், ஆசிட் கேன். அந்தப் பவுடர் தீயை ஊட்டி வளர்க்கும் சாமான், ஆசிட் ஆவி இரும்பை அரிக்கும். இவற்றோடு ஒரே அறையில் விறகு அடுப்பா? அதோடு மூடிய அறையில் விறகு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. வாடை இருக்காது, கண் எரியாது, தலை கனக்கிறதே என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். திறந்தவெளியில் வையுங்கள், மேலே தகரக் கூரை மட்டும் போதும், நாலு பக்கமும் திறப்பு. புகைபோக்கி தலையில் கம்பி வலை, பொறி பறக்காமல் இருக்க.

அடுத்து செம்பு. வெளியில் எல்லோரும் செம்பு செம்பு என்கிறார்கள், குளத்துத் தண்ணீர் செம்பை என்ன செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. பி.எச்., அதாவது தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7.2-க்குக் கீழே இறங்கினால் செம்பு கரையும். ஒரு வீட்டில் மூன்று மாதத்தில் படிக்கட்டு ஓரமெல்லாம் நீலப்பச்சைக் கறை. அந்த வீட்டுப் பெரியவருக்குத் தலை முழுக்க வெள்ளை முடி, அது இளம்பச்சை ஆகிவிட்டது. மனுஷன் குளோரின்மேல் பழி போட்டார். குளோரின் இல்லை, முடியில் படிந்த செம்பு அது. பார்த்தால், குளோரின் மாத்திரையைப் பம்ப் உறிஞ்சும் கூடையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். கரையும் தண்ணீர் நல்ல புளிப்பு, அது நேராகக் காயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வரிசை இப்படி இருக்கட்டும்: பம்ப், ஃபில்டர், அடுப்பு, கடைசியில் குளோரின். குளோரின் போடும் கருவிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் (ஒரு திசையில் மட்டும் விடுவது), தண்ணீர் குளத்துப் பக்கம் தாராளமாகப் போகிற மாதிரி. பம்ப் நின்றால் குளோரின் பின்வாங்கி காயிலில் போய் உட்காரக் கூடாது. வெந்துபோனவன் சொன்ன ரிலீஃப் வால்வ் இதற்கு முன்னால், அடுப்புப் பக்கம் வரட்டும். அந்த நான்-ரிட்டர்ன் எப்போதாவது சிக்கிக்கொண்டால் நீராவிக்கு வழி வேண்டும்.

கொல்லுப்பட்டறை

செம்பு வேண்டாம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாம், ஆனால் சூடு கடத்துவதில் செம்பு எங்கே, அது எங்கே. பி.எச். ஒழுங்காகப் பார்க்கிற வீட்டில் செம்பு பத்து வருடம் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

அண்ணே, அந்த ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. செம்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாகச் சூடு கடத்தும், உண்மை. ஆனால் இங்கே இடுக்கமான வாசல் புகைக்கும் உலோகத்துக்கும் நடுவில். ஒரு மில்லிமீட்டர் சுவரைத் தாண்டுவது இரண்டுக்குமே பெரிய விஷயமில்லை. ஆறு மாதக் கரி படிந்த செம்பைவிடத் துடைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதிகம் தரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் ஒரு வியாதி உண்டு. குளோரைடு பட்டால் ஊசி முனை அளவு குழி விழும், சூட்டில் இன்னும் வேகமாக. 304 ரகம் வேண்டாம், 316 ரகம் பரவாயில்லை. உப்புத் தண்ணீர்க் குளம் என்றால் இரண்டுமே சந்தேகம், டைட்டானியம்தான்.

கொல்லுப்பட்டறை

சரி, வளைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் கணக்குப்பிள்ளை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை மணல் போட்டு கையால் சுருட்டுகிற ஆள் இருந்தால் நானே வந்து மாலை போடுகிறேன்.

சும்மாகேட்டேன்

பம்பே இல்லாமல், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும் முறையில் செய்ய முடியாதா? அப்புறம் சூரிய ஒளியில் சூடாக்குகிற கறுப்புப் பாய்கள் இருக்கின்றனவே?

கணக்குப்பிள்ளை

தானாக ஓடும் முறை ஆயிரம் இரண்டாயிரம் லிட்டர் தொட்டிக்கு அருமை. அடுப்பு தொட்டியைவிடக் கீழே, குழாய் வழி முழுக்க ஏற்றம், நடுவில் ஒரு இடத்தில்கூடத் தொய்வு கூடாது. தொய்ந்த இடத்தில் காற்று நின்றுவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். 38,000 லிட்டருக்கு அது எறும்பு வேகம்.

கறுப்புப் பாய் நல்ல யோசனைதான், வெயில் உள்ள ஊரில். குளத்துப் பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை பாய் வேண்டும். இவர் கேட்டது விறகு என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

புகைபோக்கி

யாரும் தீயைப் பற்றிப் பேசவில்லையே! எல்லோரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள்.

ட்ரம் நடுவில் தீ, சுற்றிலும் குளிர்ந்த காயில் என்றால் தீ பிழைக்காது. விறகு எரிவது என்றால் விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் பெரும்பங்கு. அந்த வாயு முழுக்க எரிய 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், காற்றோடு கலக்கக் கொஞ்சம் நேரமும் இடமும் வேண்டும். அதற்குள் 21 டிகிரி குழாயில் மோதினால் எரியாமலே ஆறி, புகையாகவும் தாராகவும் படிந்துவிடும். வெளியில் பார்த்தால் கறும்புகை, உள்ளே காயில் முழுக்கப் பிசின். அந்தத் தார் சூட்டை விடாது. ஒருநாள் தானாகவே பற்றிக்கொள்ளவும் செய்யும்.

எரிகிற இடம் வேறு, சூடு வாங்குகிற இடம் வேறு. இதுதான் சூத்திரம். 1980களின் தொடக்கத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்த ராக்கெட் அடுப்பு இதைத்தான் செய்கிறது: கீழே நெருப்புச் செங்கல் வைத்து, சுற்றிலும் சூடு வெளியே போகாமல் தடுக்கப் பர்லைட்டோ வெர்மிகுலைட்டோ நிரப்பி, தீ தன் சூட்டிலேயே இன்னும் சூடாகும்படி ஒரு செங்குத்துக் குழல். தீ அங்கேயே எரிந்து முடித்து, நிறமில்லாத சூடாக மேலே வரும். அங்கே வையுங்கள் உங்கள் காயிலை. சரியாக அமைந்தால் பத்து நிமிடத்துக்குப் பிறகு புகைபோக்கியில் புகையே தெரியாது, வெறும் கானல் அலைதான். பக்கத்து வீட்டுக்காரரும் பேசாமல் இருப்பார்.

ஈர விறகு போட்டால் இத்தனையும் வீண். எடையில் பாதி தண்ணீர் என்றால் தண்ணீரை ஆவியாக்கத்தான் தீ வைக்கிறீர்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். டங்கென்று ஒலித்தால் காய்ந்தது, பொத்தென்று விழுந்தால் அடுத்த வருடத்துக்கு. பெயின்ட் அடித்த பலகை, கரையான் மருந்து ஏற்றிய மரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. சில மருந்துகளில் ஆர்சனிக் இருக்கிறது, சாம்பலில் அப்படியே நிற்கும்.

ஈரத்துண்டு

படிக்கப் படிக்கப் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. அடுப்பு திறந்தவெளிக்குப் போகிறது. வால்வ் இரண்டும் ரத்து. ராக்கெட் குழல் மேல் ட்ரம், ட்ரம்முக்குள் 11 மீட்டர் காயில் இரண்டு. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி.

வெந்துபோனவன்

இப்போது நான் வைத்திருப்பது: இரண்டரை மீட்டர் உயரத்தில் 200 லிட்டர் தொட்டி, காயிலின் நுழைவாயிலுக்கு ஒரு குழாய், நடுவில் மின்சாரம் இருக்கும்வரை மூடியிருந்து, போனால் தானாகத் திறக்கும் சோலனாய்டு வால்வ். தொட்டித் தண்ணீர் பம்ப் பக்கம் பின்னோக்கி ஓடிவிடாமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு நான்-ரிட்டர்ன். நிமிடத்துக்கு 4 லிட்டர் இறங்கும்படி அளந்து வைத்தேன். முழுத்தீயிலும் வெளியே வருவது 80 டிகிரி சுற்றளவு, கொதிக்காது. 50 நிமிடம் தாங்கும், அதற்குள் விறகு கரியாகிவிடும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாகலிங்கப்பூ

எல்லாம் சரி, ராத்திரி குளத்தை எதனால் மூடுவீர்கள்?

ஈரத்துண்டு

மூடுவதா? இலை விழாமல் இருக்க வலை இருக்கிறது.

நாகலிங்கப்பூ

வலையா! அப்படியானால் நீங்கள் வானத்துக்குத்தான் சூடு போடப் போகிறீர்கள்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வையுங்கள். உள்ளே தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு. கசிவு கண்டுபிடிக்கச் செய்கிற சோதனைதான், நாம் வேறு காரணத்துக்குச் செய்கிறோம். காலையில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஈரத்துண்டு

காற்று கொஞ்சம் அடித்தது. காலையில் பார்த்தால் நல்ல ஐந்து மில்லிமீட்டர். அது பெரிதா?

நாகலிங்கப்பூ

உங்கள் குளம் 32 சதுர மீட்டர். ஐந்து மில்லிமீட்டர் என்றால் 160 லிட்டர் ஆவியாகிப் போயிருக்கிறது. ஒரு லிட்டர் ஆவியாக 0.67 கிலோவாட் மணிக்கு மேல் எடுத்துக்கொண்டு போகும். மொத்தம் 108. கணக்குப்பிள்ளை பாணியில் சொன்னால் குளம் ஒரே இரவில் இரண்டரை டிகிரி இழந்தது, ஆவியால் மட்டும். விறகில் 54 கிலோ. நீங்கள் தூங்கும்போது. இதுவும் 21 டிகிரியில்! 27-க்கு ஏற்றினால் இன்னும் வேகமாக ஆவியாகும்.

திறந்தவெளிக் குளம் சூட்டை இழப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆவியால்தான். குமிழி பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று, குமிழி கீழ்ப்பக்கம் பார்க்க, தண்ணீர்மேல் ஒட்டிப் படர்ந்து கிடந்தால் அந்த 108-இல் பெரும்பங்கு உங்களிடமே இருக்கும். சட்டம் வேண்டாம், கம்பம் வேண்டாம், அப்படியே மிதக்கட்டும். பகலிலும் ஆள் இறங்காத நேரம் மூடியே இருக்கட்டும். யாராவது நீந்தும்போது மட்டும் முழுதாக எடுத்துவிட வேண்டும். பாதி மூடிய குளத்தில் பிள்ளை விரிப்புக்கு அடியில் போய்விட்டால் வெளியில் தெரியாது.

நான் அடுப்பு கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. முதலில் விரிப்பு, அப்புறம் அடுப்பு.

கணக்குப்பிள்ளை

என் முதல் பதிலில் நான் சொல்லியிருக்க வேண்டியது. காயில் நீளத்தில் மயங்கிவிட்டேன்.

ஈரத்துண்டு (இரண்டரை மாதம் கழித்து)

கட்டி முடித்தேன். மூன்று முறை மூட்டியாகிவிட்டது. யாருக்காவது பயன்படும் என்று முழுதாக எழுதுகிறேன்.

முதல் தீ மூட்டிய பத்தாவது நிமிடம் ட்ரம் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நெஞ்சே நின்றுவிட்டது. இணைப்பு விட்டுவிட்டது என்று நினைத்துத் தீயை இழுத்துப் போட்டு, ஆறவைத்து, காயிலைக் கழற்றி, காற்றழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவி ஒரு முழு நாள் தேடினேன். ஒரு பொட்டு குமிழிகூட இல்லை. புகைபோக்கி அவர்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டதும் சிரித்தார். விறகு எரியும் புகையில் நிறைய நீராவி உண்டாம். குளிர்ந்த காயிலில் பட்டதும், குளிர்ந்த தண்ணீர் உள்ள சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலவே வேர்க்கிறது. சொட்டும் தண்ணீர் பழுப்பு நிறத்தில் புகை வாடையோடு இருந்தால் அது வேர்வை, தெளிவாகக் குளோரின் வாடையோடு இருந்தால்தான் ஓட்டை. இது தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

22-லிருந்து 27-க்கு ஏற்ற இரண்டு நாள் பகலிலும் சேர்த்து 19 மணி நேரம் தீ. விறகு 150 கிலோவுக்குச் சற்று மேல், தராசில் நிறுத்துப் போட்டேன். கணக்குப்படி 110 ஆகியிருக்க வேண்டும். முதல் நாள் தீயை அடக்கத் தெரியாமல் வாய் முழுக்க விறகைத் திணித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன், புகைபோக்கியே சிவந்துவிட்டது. இரண்டாம் நாள் மெல்லிய கட்டைகளாகப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததில் விறகு மிச்சமானது.

விரிப்பு போட்ட இரவு இழந்தது 0.8 டிகிரி. ஒருநாள் வேண்டுமென்றே போடாமல் விட்டேன், காலையில் 2.9 குறைந்திருந்தது. நாகலிங்கப்பூ அவர்களுக்கு என் கும்பிடு. விரிப்பு வந்த முதல் வாரம், அடுப்பு கட்டும் முன்பே, வெயிலிலேயே 21-லிருந்து 22 ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் விரிப்பு மட்டும் போட்டு இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தால் இந்தப் பாடே பட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் சாயங்காலம் அடுப்பு முன் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகத் தள்ளுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மின்தடையும் ஒருமுறை வந்தது. மேல் தொட்டி வேலை செய்தது. டொக் டொக் சத்தம் வரவில்லை.

வெந்துபோனவன்

அந்தக் கடைசி வரிக்காகத்தான் மூன்று முறை இந்தப் பக்கம் வந்து பார்த்தேன்.

கொல்லுப்பட்டறை

காயிலைக் கழற்றி மாட்டியதில் செம்பு முனையில் விரிசல் இருக்கிறதா என்று ஒருமுறை பார் தம்பி. அப்புறம் ஒவ்வொரு தீக்குப் பிறகும் காயில் ஆறியதும் பிரஷ் போடு. தார் இளசாக இருக்கும்போதே எடுத்தால் எளிது.

குளத்துக்காரர்

இனி குளோரின் அதிகம் செலவாகும், தண்ணீர் சூடானால் பாசிக்குக் கொண்டாட்டம். வாரம் ஒருமுறை பார்த்த பி.எச்.சை இனி இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். விரிப்பு போட்டே வைத்திருப்பதால் குளோரின் பவுடர் அதிகம் போட்ட அன்று சில மணி நேரம் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் விரிப்பு உரிந்துவிடும்.

இன்னொன்று, சாம்பலைக் குளத்துப் பக்கம் கொட்டி வைக்காதீர்கள். விறகுச் சாம்பல் நல்ல காரம். ஒரு காற்று அடித்தால் போதும், பி.எச். எகிறிவிடும். மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு, இரண்டு நாள் ஆறிய பிறகு எடுத்துப் போடுங்கள்.

ஈரத்துண்டு

வாளி நேற்றே கவிழ்ந்துவிட்டது. சின்னவன் பந்தை எடுக்க ஓடினான். இப்போது 8.1 காட்டுகிறது. ஆசிட் எவ்வளவு விடலாம்?

குளத்துக்காரர்

நிறைய வேண்டாம். முதலில் அடியில் கிடக்கும் சாம்பலை உறிஞ்சி வெளியே தள்ளுங்கள், ஃபில்டருக்குள் விடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் போகும் டீயை அந்த ஒரு நாள் மட்டும் கழற்றி அடைத்துவிட்டு, ஆசிட்டைப் பம்ப் ஓடும்போது ஆழமான பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காயிலுக்குள் போகக் கூடாது. நாளை காலை எண்ணைச் சொல்லுங்கள்.

ஈரத்துண்டு

7.5. சின்னவன் பந்து இன்னும் குளத்தில்தான் மிதக்கிறது.